ஒசாகாவும் கன்சாயும்: ஜப்பானின் வியாபாரிகள் பூமி

1730ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு ஒசாகாவில் ஓர் அரிசிச் சந்தைக்கு அனுமதி கொடுத்தது. அந்தச் சந்தையில் பெரும்பகுதி வியாபாரம் அரிசியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நடந்தது. ஆட்கள் கூச்சல் போட்டு விலை சொல்வார்கள், கை அசைப்பார்கள், கணக்கர்கள் எழுதிக்கொள்வார்கள், நேரமானதும் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து அரிசி என்ன விலை போகும் என்பதை வைத்தே வாங்கலும் விற்றலும். இன்று பங்குச் சந்தைக்காரர்கள் ‘ஃபியூச்சர்ஸ்’ என்கிறார்களே, அதேதான். தோஜிமா என்ற இந்தச் சந்தையை உலகின் முதல் முறைப்படுத்தப்பட்ட முன்பேரச் சந்தை என்று வரலாற்று ஆசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். சிகாகோவில் அப்படி ஒன்று வர இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது.

ஒசாகா இருக்கும் பகுதிதான் கன்சாய். ஒசாகாவிலிருந்து ஒரு பக்கம் கியோட்டோ, மறுபக்கம் துறைமுக நகரமான கோபே. இரண்டுக்கும் விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். இவற்றோடு நாரா, ஷிகா, வகயாமா என்று சுற்றியுள்ள மாநிலங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 கோடிப் பேர். ஜப்பானின் பொருளாதாரத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. பானசோனிக், நின்டெண்டோ, ஷார்ப், சுந்தோரி, நிஸ்ஸின் நூடுல்ஸ், சைக்கிள் பாகம் செய்யும் ஷிமானோ என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் பலவும் இந்தப் பக்கத்துச் சரக்கு.

கன்சாய் வியாபாரிகளைப் பற்றிப் பேசினாலே ‘கறார் ஆசாமிகள், பேரம் பேசுவதில் மன்னர்கள்’ என்ற பேச்சு வந்துவிடும். அது பொய்யில்லை. டோக்கியோக்காரர் தன் பை எவ்வளவு விலை என்று சொல்லிப் பெருமைப்படுவார், ஒசாகாக்காரர் எவ்வளவு குறைத்து வாங்கினேன் என்று சொல்லிப் பெருமைப்படுவார் என்று ஜப்பானியர்களே கேலி பேசுவதுண்டு. ஆனால் அது மேல்பூச்சு. அடியில் இருக்கும் விஷயம் வேறு: இங்கே வியாபாரம் ஆட்சிபீடத்திலிருந்து தள்ளி நின்று வளர்ந்தது. ரொம்ப காலம் அதுவே பலமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதுவே பலவீனமாகவும் ஆனது.

அரிசி, கிட்டங்கி, திரி

டோக்குகாவா ஆட்சிக் காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, அதிகாரம் முழுக்க எடோவில் இருந்தது. எடோதான் இன்றைய டோக்கியோ. பேரரசர் கியோட்டோவில் இருந்தார், ஆனால் பெயருக்குத்தான். நாடு முழுக்கச் சிற்றரசர்கள். அவர்கள் வரியை அரிசியாக வாங்கினார்கள், சாமுராய்களுக்குச் சம்பளத்தையும் அரிசியாகவே கொடுத்தார்கள். ஆனால் எடோவில் மாளிகை வைத்துக் கௌரவமாகக் குடித்தனம் நடத்த அரிசி போதாது, காசு வேண்டும். அதனால் மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் அரிசியைக் கப்பலேற்றி ஒசாகாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆற்றங்கரைகளில் அவர்களுடைய கிட்டங்கிகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. அரிசியை விற்றுக் கொடுப்பதும், அடுத்த அறுவடையை நம்பிக் கடன் கொடுப்பதும் ஒசாகா வியாபாரிகளின் தொழில்.

கிட்டங்கியில் அரிசி வாங்கியவருக்கு ஒரு ரசீது தருவார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட ரசீதைக் கைமாற்றுவது சுலபம். ரசீதே சரக்காக மாறியது. அப்புறம் ரசீதும் இல்லாமல், ‘இந்தப் பருவ முடிவில் இந்த விலைக்குக் கொடுக்கிறேன்’ என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கடைசியில் வித்தியாசத் தொகையை மட்டும் தீர்த்துக்கொள்வது வழக்கமானது. கையில் அரிசி ரசீது வைத்திருப்பவர் விலை விழுந்துவிடுமோ என்று பயந்தால், முன்பேரத்தில் இன்றைய விலைக்கே விற்று வைப்பார். விலை உண்மையிலேயே விழுந்தால் ரசீதில் நஷ்டம், முன்பேரத்தில் லாபம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

அரசு இதைச் சூதாட்டம் என்று முதலில் அடக்கத்தான் பார்த்தது. பிறகு அரிசி விலை விழுந்து, அரிசியில் சம்பளம் வாங்கிய சாமுராய்கள் திண்டாடியபோது, விலையை எப்படியாவது தூக்கி நிறுத்த நினைத்த யோஷிமுனே இதற்கு அனுமதி தந்தார். அவர்தான் அப்போதைய ஷோகுன், அதாவது எடோவிலிருந்து நாட்டை ஆண்ட டோக்குகாவா குடும்பத் தலைவர்.

சந்தையை மூடும் முறை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நேரம் நெருங்கியதும் ஒரு பெட்டிக்குள் திரியைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். திரி அணையும்போது என்ன விலையோ அதுதான் கணக்கு. அதற்குப் பிறகும் கலையாமல் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள் மேல் தண்ணீரை வாரி இறைத்து விரட்ட ஆள் வைத்திருந்தார்கள். விலையை வெளியூருக்குச் சொல்ல, மலை உச்சிகளில் ஆட்களை நிறுத்திப் பெரிய கொடிகளை அசைத்தார்கள். ஒசாகா விலை கியோட்டோவுக்குச் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. தபால் ஓட்டக்காரர்களின் பிழைப்பு கெடும் என்று இதற்குத் தடை இருந்தும் கொடிகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

போர்க்காலக் கட்டுப்பாடுகளால் 1939இல் தோஜிமா சந்தை மூடப்பட்டது. ஆனால் அந்தத் தொழில் ஊரை விட்டுப் போகவில்லை. ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீட்டின் முன்பேர வியாபாரம் இன்றும் ஒசாகா சந்தையில்தான் நடக்கிறது. 2024 ஆகஸ்டில் தோஜிமா பெயரைத் தாங்கிய சந்தையிலேயே அரிசி முன்பேரம் மறுபடி தொடங்கியது.

பாலத்தையும் பள்ளியையும் கட்டியவர்கள்

எடோவில் மக்கள்தொகையில் பாதியளவு சாமுராய்கள். ஒசாகாவில் அவர்கள் மிகச் சொற்பம். ஊரே வியாபாரிகளும் கைவினைஞர்களும்தான். அதனால் ஊர்க் காரியங்களை அரசு செய்யும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கால்வாய்கள் நிறைந்த ஒசாகாவில் சுமார் இருநூறு பாலங்கள் இருந்தன என்றும், அவற்றில் அரசு செலவில் பராமரித்தவை 12தான் என்றும் சொல்வார்கள். மற்றவை எல்லாம் தெருக்காரர்கள் காசு போட்டுக் கட்டியவை. இந்தப் பழக்கம் நீண்ட நாள் தொடர்ந்தது. ஒசாகா கோட்டையின் இப்போதைய கோபுரம் 1931இல் மக்கள் நன்கொடையில் எழுந்தது. ஒசாகாவின் நகானோஷிமா பகுதியில் 1918இல் திறந்த பொது மண்டபம் இவாமோட்டோ எய்னோசுகே என்ற பங்குத் தரகர் கொடுத்த 10 லட்சம் யென்னில் கட்டியது. கட்டி முடிப்பதற்குள் அவர் சந்தையில் பெரும் நஷ்டப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

1724இல் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து கைதோக்குதோ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் விதிகளில் ஒன்று: புத்தகம் இல்லாதவரும் வந்து பாடம் கேட்கலாம், தவிர்க்க முடியாத வேலை வந்தால் பாதியில் எழுந்து போகலாம். வியாபாரிகளுக்கு வியாபாரிகளே போட்ட விதி என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஓர் அரிசி மண்டியின் தலைமைக் கணக்கராக இருந்த யமகாட்டா பன்ட்டோ இங்கே படித்தவர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை ஏற்றுக்கொண்டு, பேய் பிசாசு எதுவும் கிடையாது என்று எழுதியவர் அவர்.

ஆட்சிபீடத்திலிருந்து தள்ளி இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, அரசு நினைத்தால் ஒரே நாளில் துடைத்துவிடும். யோதோயா என்ற குடும்பத்தின் கடைவாசலில்தான் ஒசாகாவின் அரிசிச் சந்தையே முதலில் கூடியது. அவர்களிடம் கடன் வாங்காத பெரிய சிற்றரசர் குறைவு. 1705இல் ‘தகுதிக்கு மீறிய ஆடம்பரம்’ என்று குற்றம் சாட்டி அரசு அவர்கள் சொத்து முழுவதையும் பறித்தது. உண்மைக் காரணம் அந்தக் கடன் பாக்கிதான் என்பது பலருடைய கணிப்பு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. யோதோயா கட்டிய பாலத்தின் பெயர் மட்டும் இன்றும் ஒரு சுரங்க ரயில் நிலையத்துக்கு இருக்கிறது.

கடைப் பையன் முதல் மருமகன் வரை

ஒசாகாவின் பழைய வியாபார வட்டாரம் சென்பா. அங்கே கடையில் சேரும் பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணி, வருஷத்தில் இரண்டு முறை வீட்டுக்குப் போய்வர லீவு. கூட்டுவது, சுமப்பது, எடுபிடி வேலை பார்ப்பது எல்லாம் பகலில். ராத்திரியில் எழுத்தும் மணிச்சட்டமும் பழகுவான். தேறினால் விற்பனையாளன், அதற்கும் மேல் தலைமைக் கணக்கர். இருபது வருஷம் நேர்மையாக உழைத்தவருக்குக் கடையின் பெயரையும் முத்திரையையும் கொடுத்து, சில வாடிக்கையாளர்களையும் ஒதுக்கித் தனிக்கடை போட்டுக் கொடுப்பார்கள்.

இதைவிடச் சுவாரசியமானது வாரிசு முறை. மகன் உருப்படாதவனாக இருந்தால் கடையை அவனிடம் கொடுக்க மாட்டார்கள். கெட்டிக்காரக் கணக்கரை மகளுக்குக் கட்டி வைத்து, அவரைத் தத்து எடுத்துக் குடும்பப் பெயரையும் கொடுத்துவிடுவார்கள். மகனைத் தேர்ந்தெடுக்க முடியாது, மருமகனைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பெண்ணின் சம்மதம் இதில் எங்கே என்று கேட்டால் பதில் சங்கடமானதுதான். ஆனால் கடைகள் நூற்றாண்டுகள் தாண்டி நின்றதற்கு இது பெரிய காரணம். ஒசாகாவில் கோயில் கட்டும் கோங்கோ குமி என்ற நிறுவனம் கி.பி. 578இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தக் குடும்பத்திலும் பல தலைமுறைகளில் மருமகன்கள்தான் பொறுப்பேற்றார்கள். 2006இல் கடன் தாங்காமல் வேறொரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது.

பானசோனிக்கைத் தொடங்கிய மத்சுஷிதா கோனோசுகே இப்படிப்பட்ட கடைப் பையன்தான். வகயாமாவில் வசதியாக இருந்த குடும்பம் நொடித்துப்போக, ஒன்பது வயதில் ஒசாகாவுக்கு வந்தார். சைக்கிள் கடையில் வேலை பார்த்தபோது, வாடிக்கையாளர்கள் அடிக்கடி சிகரெட் வாங்கி வரச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும். பையன் யோசித்து, மொத்தமாக வாங்கிக் கடையிலேயே வைத்துக்கொண்டான். கேட்டவுடன் கிடைத்ததில் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். இருபது பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் பையனுக்கும் லாபம்.

1918இல் அவர் சொந்தத் தொழில் தொடங்கினார். 1929இன் பொருளாதார மந்தத்தில் விற்பனை பாதியாக விழுந்து கிட்டங்கி நிரம்பியது. பாதி ஆட்களை அனுப்பிவிடலாம் என்று நிர்வாகிகள் யோசனை சொன்னார்கள். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த மத்சுஷிதா ஒருவரையும் அனுப்பாதீர்கள் என்றார். உற்பத்தி அரை நாள் மட்டும், சம்பளம் முழுசாக, ஆனால் எல்லோரும் விடுமுறை இல்லாமல் தேங்கிய சரக்கை விற்க வேண்டும். இரண்டே மாதத்தில் கிட்டங்கி காலியானது. ‘ஆயுள் முழுக்க ஒரே கம்பெனி’ என்ற ஜப்பானிய வழக்கம் பற்றிய பேச்சில் இந்தக் கதை தவறாமல் வரும்.

பக்கத்து ஷிகா மாநிலத்தின் வியாபாரிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓமி வியாபாரிகள் என்று அவர்களுக்குப் பெயர். பிவா ஏரிக் கரையிலிருந்து காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு, துணியும் கொசுவலையும் மருந்தும் விற்றபடி நாடு முழுக்க நடந்தவர்கள். விற்பவருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்பது அவர்களுடைய கொள்கை என்று இன்று ஜப்பானிய நிர்வாகப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. இந்த மூன்று நன்மை வாசகம் பிற்காலத்தில் யாரோ கட்டியது. ஆனால் நாகமுரா ஜிஹெய் என்ற வியாபாரி 1754இல் எழுதி வைத்த அறிவுரையில் கருத்து இருக்கிறது: வெளியூரில் விற்கப் போனால் உன் லாபத்தை மட்டும் பார்க்காதே, அந்த ஊர்க்காரர்களை நினை. இதில் பெரிய தத்துவம் தேட வேண்டாம். போகிற ஊரில் எல்லாம் அந்நியனாக இருப்பவன், ஊர்க்காரர்கள் முகம் சுளித்தால் மறு வருஷம் உள்ளேயே நுழைய முடியாது. நல்லெண்ணம்தான் அவன் முதல். இத்தோ சூபெய் 1858இல் இப்படி லினன் துணி விற்கக் கிளம்பியதில் பிறந்தவைதான் இத்தோச்சு, மருபேனி என்ற இரண்டு பெரிய வர்த்தக நிறுவனங்களும்.

பஞ்சும் ரயிலும்

1868இல் ஆட்சி மாறியதும் முதல் அடி விழுந்தது. எடோ தங்க நாணயத்தில் கணக்குப் பார்க்க, ஒசாகா வெள்ளியை நிறுத்துக் கணக்குப் பார்த்த ஊர். புதிய அரசு வெள்ளிக் கணக்கை ஒழித்தது, சிற்றரசர்களின் பழைய கடன்களில் பெரும்பகுதியையும் தள்ளுபடி செய்தது. பணமாற்று வியாபாரிகள் வரிசையாக மூழ்கினார்கள்.

எழுந்து நின்றது பஞ்சால். ஒசாகா நூற்பாலை 1883இல் ஓடத் தொடங்கியது. நீராவி இயந்திரம், மின்விளக்கு, ராத்திரி ஷிப்ட் என்று இலாபம் கொட்டியது. ஊருக்குக் ‘கீழ்த்திசை மான்செஸ்டர்’ என்று பெயர் வந்தது. ராத்திரி ஷிப்டில் நின்றவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண் பிள்ளைகள், பலருக்குக் காசநோய் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு பம்பாயிலிருந்து போனது. கப்பல் கட்டணத்தை ஆங்கிலேய நிறுவனங்கள் உயர்த்தி வைத்திருந்ததால், 1893இல் ஜப்பானின் நிப்பான் யூசென் நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து பம்பாய்க்கும் கோபேக்கும் தனிக் கப்பல் விட்டார்கள். கோபேயில் இந்திய வியாபாரிகள் வேரூன்றியது இந்தப் பஞ்சு, துணி வியாபாரத்தால்தான். பிறகு ஒசாகாத் துணி இந்தியச் சந்தையில் குவிந்து, 1933இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதற்கு 75 சதவீத வரி போடும் அளவுக்குப் போனது.

1925இல் சுற்றுப்புறங்களைச் சேர்த்துக்கொண்ட ஒசாகா மக்கள்தொகையில் டோக்கியோவையே மிஞ்சியது. கோபயாஷி இச்சிசோவின் காலம் அது. 1910இல் அவர் போட்ட ஹான்க்யூ ரயில் பாதை வயல்வெளிக்கு நடுவே போனது, ஏற ஆளில்லை. சரி, ஆளை நாமே உண்டாக்குவோம் என்று பாதையோரத்து நிலத்தை வாங்கி வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். ஒரு முனையான தகராசுகாவில் பெண்கள் மட்டும் நடிக்கும் நாடகக் குழு, மறு முனையான ஒசாகாவின் உமேதாவில் 1929இல் பெரிய பல்பொருள் அங்காடி. ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்கள் எல்லாம் இன்றும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. மந்த காலத்தில் அந்த அங்காடியின் உணவகத்துக்கு வந்த இளைஞர்கள் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இருந்த இலவச சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஊழியர்கள் விரட்ட நினைத்தார்கள். கோபயாஷி அவர்களை வரவேற்கச் சொன்னார். இன்றைக்குக் கையில் காசில்லை, நாளைக்குக் கல்யாணமாகிக் குழந்தைகளோடு இங்கேதான் வருவார்கள் என்பது அவர் நினைப்பு.

தலைநகரம் இழுத்தது

1930களின் கடைசியில் போர்ப் பொருளாதாரம் வந்தது. மூலப்பொருள் முதல் விலை வரை எல்லாவற்றுக்கும் டோக்கியோவில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகும் அமைச்சகங்களின் பிடி தளரவில்லை. அதிகாரியைப் பார்க்க, வங்கியைப் பார்க்க, பத்திரிகைக்காரரைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். அரசைச் சாராமல் இருப்பதில் பழகிய ஊருக்கு இது சரிப்பட்டு வரவில்லை. 1964இல் புல்லட் ரயில் வந்தது. ஒசாகாவுக்கு டோக்கியோ பக்கமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நடந்தது தலைகீழ், தலைமையகங்கள் ஒவ்வொன்றாக ரயிலேறின. நெரிசலைக் குறைக்கிறோம் என்று நகரப் பகுதிகளில் புதுத் தொழிற்சாலைகளைத் தடுத்த சட்டமும் 2002 வரை இருந்தது. 1970 வாக்கில் நாட்டின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்த கன்சாய் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

அப்புறம் 1995 ஜனவரி 17, கோபே நிலநடுக்கம். 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகின் முன்னணிக் கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த கோபேயின் சரக்கு, சரிசெய்து முடிப்பதற்குள் தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குப் போய்விட்டது. அப்படிப் போனதில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை.

டிவி தொழிலின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சான்யோ என்ற ஒசாகா மின்னணு நிறுவனம் பானசோனிக்குக்குள் கரைந்தது. பானசோனிக்கே 2011, 2012 நிதியாண்டுகளில் தலா 75,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டப்பட்டது. ஷார்ப் 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் குழுமத்தின் கைக்குப் போனது. ஒசாகாவை ஒட்டிய சாகாய் நகரில் பெரும் செலவில் கட்டிய அதன் டிவி திரை ஆலை 2024இல் உற்பத்தியை நிறுத்தியது.

கியோட்டோ மட்டும் தப்பியது எப்படி

அதே காலத்தில் கியோட்டோ நிறுவனங்கள் நன்றாகவே இருந்தன. காரணம், அவை முழுப் பொருளைச் செய்யாமல், எல்லோருக்கும் தேவைப்படும் சிறு பாகத்தைச் செய்தன. முராட்டா என்ற நிறுவனம் செய்யும் பீங்கான் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்து விடும் பாகம், அரிசி மணியைவிடச் சிறியது. ஒரு ஸ்மார்ட்போனில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும், உலகச் சந்தையில் ஏறக்குறைய 40 சதவீதம் முராட்டாவிடம். போன் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தால் என்ன?

இது வானத்திலிருந்து விழுந்த தொழில் அல்ல. கியோட்டோவில் பீங்கான் சூளைகள் பழமையானவை. பாத்திரத்திலிருந்து மின்கம்பத்து இன்சுலேட்டர், அதிலிருந்து மின்னணு பாகம் என்று கைவேலை நகர்ந்தது. இன்சுலேட்டர் கம்பெனி ஒன்றில் மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியேறிய இனாமோரி கசுவோ 1959இல், 27 வயதில், கியோசெராவைத் தொடங்கினார். ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் தங்கள் குழுமத்துக்குள்ளேயே வாங்கும், முகவரி தெரியாத கியோட்டோ கம்பெனியைச் சீந்தாது. அதனால் அவர் அமெரிக்காவில் போய்க் கதவைத் தட்டினார். 1966இல் ஐபிஎம் 2.5 கோடி பீங்கான் தகடுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் தானாகத் தேடி வந்தன.

அவருடைய நிர்வாக முறைக்கு ‘அமீபா’ என்று பெயர். கம்பெனியைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தனிக்கடை போல வரவு செலவு பார்க்க வேண்டும். ஒரு பிரிவு அடுத்த பிரிவுக்குப் பொருளை விலை பேசி விற்கும். ஒரு மணி நேர உழைப்பு எவ்வளவு சம்பாதித்தது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். 2010இல் திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸை 78 வயதில் சம்பளம் வாங்காமல் ஏற்று, இதே கணக்கை அங்கேயும் புகுத்தினார். 2012இல் அது மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது.

பட்டறைகள்

ஒசாகாவிலும் இதுபோல் நிற்பவை உண்டு. கத்தியும் துப்பாக்கியும் அடித்த சாகாய் கொல்லர்கள் சைக்கிள் பாகங்களுக்கு மாறினார்கள், 1921இல் அங்கே தொடங்கிய ஷிமானோவின் கியர் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. தோஷோமாச்சி என்ற ஒரே தெருவை ஒட்டி மருந்து வியாபாரிகள் கூடியிருந்ததால்தான் தகேதா, ஷியோனோகி, ஓனோ என்று மருந்து நிறுவனங்கள் இங்கே பிறந்தன.

ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒசாகாவுக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் ஹிகாஷி ஒசாகா நகரம். வீடுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் சிறு பட்டறைகள், பெரும்பாலானவற்றில் இருபது பேர்கூட இல்லை. ஒருவர் கடைவார், அடுத்தவர் முலாம் பூசுவார், மூன்றாமவர் ஸ்பிரிங் சுற்றுவார். ஓர் ஆர்டரை ஒரு பட்டறையால் முடிக்க முடியாவிட்டால், தெருவிலேயே கைமாறி முடிந்துவிடும். இங்குள்ள ஹார்ட்லாக் என்ற சிறு நிறுவனம் அதிர்வில் கழலாத நட்டு செய்கிறது. ஒசாகாவின் சுமியோஷி கோயில் வாயில் தோரணத்தில் அடித்திருந்த மர ஆப்பைப் பார்த்து, நட்டுக்குள் ஆப்பு வைத்தால் என்ன என்று அதன் நிறுவனருக்குத் தோன்றியதாம். புல்லட் ரயில்களில் அந்த நட்டுதான். 2009 ஜனவரியில் இந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் முன்கை எடுத்து உருவாக்கிய செயற்கைக்கோள் ஒன்றும் விண்ணுக்குப் போனது. அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ‘மைதோ’, ஒசாகாக் கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்ததும் சொல்லும் வணக்கம்.

இப்போது ஒசாகாவின் பேச்செல்லாம் யுமேஷிமா என்ற செயற்கைத் தீவைப் பற்றி. அங்கே 2025இல் நடந்த உலகக் கண்காட்சிக்கு இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதன் பக்கத்திலேயே ஜப்பானின் முதல் சட்டபூர்வக் காசினோவை 2030 வாக்கில் திறக்கத் திட்டம். கண்காட்சியோ காசினோவோ, இரண்டுமே டோக்கியோவின் ஒப்புதல் இல்லாமல் நடக்காதவை. இதில் கொட்டும் கவனத்தில் கொஞ்சம் ஹிகாஷி ஒசாகாப் பக்கம் திரும்பலாம் என்பது என் கருத்து. அங்கே பல பட்டறைகளில் முதலாளிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, லாபம் வந்தும் எடுத்து நடத்தப் பிள்ளைகள் தயாரில்லை. சென்பாவில் மருமகனைத் தேடித் தீர்த்த பிரச்சினையை இன்று அப்படித் தீர்க்க முடியாது. பட்டறையை வாங்கி நடத்த வெளியாள் தேடித் தரும் வேலையை வங்கிகளும் வணிகர் சங்கங்களும் கையில் எடுத்திருக்கின்றன.